சைகை மொழியும் வெப்கேமும்: டாக்டருடன் பேச கம்ப்யூட்டர் உதவுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "வெப்கேம் எதற்குப் பயன்படும்?" என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் முகம் பார்த்துப் பேச, ஆன்லைன் வகுப்பில் உட்கார, ஆபீஸ் மீட்டிங்கில் கலந்து கொள்ள என்று பதில் வரும். காது கேளாத ஒருவர், துணைக்கு ஆள் இல்லாமல் டாக்டரிடம் தன் நோயைச் சொல்லவும் இதே வெப்கேம் பயன்படுமா? கைகளின் அசைவைப் பார்த்து "இவர் வயிற்று வலி என்கிறார்" என்று கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துச் சொல்லுமா? உலகம் முழுவதும் இதற்கான ஆராய்ச்சி நடக்கிறது. சென்னையிலும் நடந்திருக்கிறது. இந்த ஆராய்ச்சி எந்த நிலையில் உள்ளது, அது முழுமை அடையும் வரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன செய்திடலாம் என்று பார்ப்போம்.

ஏன் இது முக்கியம்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சத்து 71 ஆயிரம் பேர். பேச்சுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 20 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல் தொடர்பு முறைகளில் ஒன்றாக சைகை மொழியையும் சேர்த்துள்ளது. மருத்துவமனைகள் அவர்களுக்குத் தடையில்லாமல் பயன்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் சிறு ஊர்களில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஆள் கிடைப்பது அரிது.

நான் தம்மம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வருகிறேன். மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. என் சென்டருக்கு அருகில் உள்ள பட்டறையில் சாமி சிலைகள் செதுக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே காது கேளாதவர். அவருக்கு நாற்பது வயது நெருங்குகிறது. ஆனால் இதுவரை ஒருமுறை கூட டாக்டரிடம் தனியாகப் போனதில்லை. எப்போதும் அவருடைய அக்கா கூடவே போய், டாக்டர் சொல்வதைக் கையால் சொல்லிக் காட்டுவார்.

ஒருமுறை அக்கா ஊரில் இல்லாத நேரத்தில் அவருக்கு இருமல் வந்து, ஒரு மருத்துவமனைக்குத் தனியாகப் போனார். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது நமக்குத் தெரியும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் காட்டவில்லை. முதல் நாள் ஒரு மாத்திரை, இரண்டாம் நாள் இல்லை, மூன்றாம் நாள் ஒன்று என்று அவர் புரிந்து கொண்டார். பத்து நாட்கள் ஆகியும் இருமல் நிற்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய அக்கா, மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் மீதி இருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"எழுதிக் காட்டினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பலருக்குப் போதாது. பிறவியிலேயே காது கேளாதவர்களுக்குத் தமிழ் என்பது காதால் கேட்டு வளர்ந்த மொழி அல்ல. பள்ளியில் எழுத்தாகக் கற்ற இரண்டாம் மொழி. பெயர், முகவரி எழுதுவார்கள். "வெறும் வயிற்றில் சாப்பிடவும்" என்ற வரியில் தடுமாறலாம். வெறும் வயிறு என்றால் எது, அதில் எதைச் சாப்பிடுவது என்று குழம்பத்தான் செய்யும்.

சைகை மொழி என்பது வெறும் கை ஜாடை அல்ல

சைகை மொழி என்றால் வாயால் பேசும் தமிழைக் கையால் நடித்துக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர், கையின் வடிவம், கை இருக்கும் இடம், கையின் அசைவு ஆகியவை சேர்ந்தே ஒரு சைகைச் சொல் உருவாகிறது என்று நிறுவினார். உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முகத்தில் என்ன பாவனை என்பவையும் பின்னர் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

முகத்தின் வேலையைப் புரிந்து கொள்ள ஓர் எடுத்துக்காட்டு. தமிழில் "காய்ச்சல் இருக்கு" என்பதற்கும் "காய்ச்சல் இருக்கா" என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த "ஆ" ஓசைதான் வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுகிறது. இந்திய சைகை மொழியில் இந்த வேலையைச் செய்வது முகம். கைகள் அதே சைகையைக் காட்டும்; கண்கள் விரிந்து, தலை சற்று முன்னே வந்தால் அது கேள்வி. முகத்தைப் பார்க்காத கருவிக்கு டாக்டர் கேட்ட கேள்வியும் நோயாளி சொன்ன பதிலும் ஒன்றாகத்தான் தெரியும். 2020இல் கொரோனா வந்தபோது டாக்டர்களும் நர்சுகளும் முகக்கவசம் அணிந்ததால், உதட்டைப் பார்த்துப் புரிந்து கொள்பவர்கள் மிகவும் சிரமப்பட்டதும் இதனால்தான்.

இன்னொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி இல்லை. அமெரிக்க சைகை மொழி வேறு, இந்திய சைகை மொழி வேறு. ஆங்கில எழுத்துக்களை அமெரிக்கர் ஒரு கையால் காட்டுவார்கள். இந்திய முறையில் இரண்டு கைகள் வேண்டும். மொபைல் போனில் சைகை மொழி அப்ளிகேஷன் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அமெரிக்க சைகை மொழிக்கானவை. டவுன்லோட் செய்திடும் முன் இதைக் கவனியுங்கள்.

கம்ப்யூட்டர் எப்படிக் கைகளைப் படிக்கிறது?

வெப்கேம் அனுப்புவது ஒரு நொடிக்கு 30 படங்கள் என்று வைத்துக் கொள்வோம். இவற்றை அப்படியே அலசுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய சுமை. எனவே முதலில் ஒவ்வொரு படத்திலும் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, விரல் மூட்டுகளில் புள்ளி வைக்கும். கூகுள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் என்ற இலவச சாப்ட்வேர் தொகுப்பு, ஒரு கையில் 21 புள்ளிகளைக் குறிக்கிறது. 2020 இறுதியில் வந்த அதன் விரிவான வடிவம் முகத்தில் 468, உடலில் 33, இரு கைகளில் 42 என மொத்தம் 543 புள்ளிகளைப் பின்தொடர்கிறது. இதற்குச் சாதாரண வெப்கேமே போதும்.

அடுத்து, இந்தப் புள்ளிகள் எந்த வரிசையில் நகர்கின்றன என்று பார்த்து, "இது இன்ன சொல்" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இதற்கு முன்கூட்டியே பாடம் படிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் பலர் செய்து காட்டிய வீடியோக்கள்தான் அதன் பாடப்புத்தகம்.

அப்படி ஒரு பாடப்புத்தகம் சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி. மெட்ராஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் "இன்க்ளூட்" என்ற பெயரில் இந்திய சைகை மொழி வீடியோ தொகுப்பை வெளியிட்டார்கள். சைகை மொழியில் தேர்ச்சி பெற்றவர்களே செய்து காட்டிய 263 சொற்கள், 4,287 வீடியோக்கள் இதில் உள்ளன. இதைக் கொண்டு பயிற்சி தந்தபோது, தேர்ந்தெடுத்த 50 சொற்களில் 94.5 சதவீதமும், 263 சொற்களிலும் சேர்த்து 85.6 சதவீதமும் சரியாக வந்தன. பின்னர் ஐ.ஐ.டி. கான்பூர் குழுவினர் தனிச் சொற்களைத் தாண்டி முழு வாக்கியங்களுக்குச் சென்றனர். 2023இல் சுமார் 31 ஆயிரம் வாக்கியங்களும், 2024இல் "ஐசைன்" என்ற தொகுப்பில் ஒரு லட்சத்து 18 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீடியோ-வாக்கிய ஜோடிகளும் வெளியாகின.

85 சதவீதம் என்பது தேர்வில் நல்ல மார்க். ஆஸ்பத்திரியில் அப்படி அல்ல. நூறு சொற்களில் 14 தவறாகப் போகலாம் என்று அதற்குப் பொருள். தவறிய அந்தச் சொல் "மாத்திரை" என்றால் திரும்பக் கேட்டுக் கொள்ளலாம். "இந்த ஊசி எனக்கு ஒத்துக் கொள்ளாது" என்பதாக இருந்தால்? மேலும் அந்த 85 சதவீதம், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் செய்து காட்டியபோது கிடைத்தது. வலியில் துடிப்பவர் அப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்ல மாட்டார். ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக் கொண்டிருந்தால் மறு கையால் மட்டுமே பேசுவார்.

கையுறையும் பொம்மையும்

2016இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சென்சார் பொருத்திய கையுறைகளை உருவாக்கினார்கள். "சைன்அலவுட்" என்று பெயர். கையை அசைத்தால் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் பேசும். பத்தாயிரம் டாலர் பரிசும் கிடைத்தது. ஆனால் காது கேளாதோர் தரப்பிலிருந்தும் மொழியியல் அறிஞர்களிடமிருந்தும் கடும் விமர்சனம் வந்தது. கையுறைக்கு முகம் தெரியாது என்பது ஒன்று. எங்களைக் கேட்காமல் எங்களுக்காகச் செய்தீர்கள் என்பது மற்றொன்று. இதில் இன்னொரு குறையும் உண்டு. கையுறை நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்லும். டாக்டர் சொல்வதை நோயாளிக்குச் சொல்லாது. பாதிப் பாலம் கட்டி ஆற்றைக் கடக்க முடியுமா?

எதிர்த் திசையில் ஒரு முயற்சி, 2000ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் தபால் நிலையங்களில் நடந்தது. "டெஸ்ஸா" என்ற கம்ப்யூட்டர் பொம்மை, கவுன்டரில் இருப்பவர் மைக்கில் பேசுவதைப் பிரிட்டிஷ் சைகை மொழியில் செய்து காட்டியது. எல்லாப் பேச்சையும் அது மொழிபெயர்க்கவில்லை. தபால் நிலையத்தில் வழக்கமாகப் பேசப்படும் வாக்கியங்களை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கான சாப்ட்வேர் எழுதுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. எல்லை சிறியதாக இருந்தால் தவறு குறையும்.

உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும், உலக சைகை மொழி பெயர்ப்பாளர்கள் சங்கமும் 2018இல் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. முன்கூட்டியே தயாரிக்கக் கூடிய அறிவிப்புகளுக்குக் கம்ப்யூட்டர் பொம்மைகளைப் பயன்படுத்தலாம். நேருக்கு நேர் உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். எனக்கும் இது சரியாகவே படுகிறது. டோக்கன் எண், எந்த அறை, எத்தனை மணி என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லட்டும். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது மனிதர் வேண்டும். அவர் நேரில் வர முடியாவிட்டால் வீடியோ காலில் வரலாம். வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இந்த முறை பழக்கத்தில் உள்ளது.

வீட்டு ஆட்களே மொழிபெயர்த்தால் என்ன என்று தோன்றலாம். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் தம்பிக்குப் பயம் வரக் கூடாது என்று அக்கா சிலவற்றைச் சொல்லாமல் விடுவார். ஒரு தாய் தன் மாதவிலக்குத் தொல்லையைப் பள்ளிக்கூடம் போகும் மகன் வழியாக டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? நோயைத் தன் வாயால், இங்கே தன் கையால், தானே சொல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்.

இன்றே கிடைப்பவை என்ன?

புது டெல்லியில் மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. இதன் வீடியோ அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் வெளியானது. 2019இல் 6,000, 2021இல் 10,000 என வளர்ந்தது. மருத்துவச் சொற்களுக்குத் தனிப் பிரிவு உள்ளது. கூகுள் தேடலில் ஐ.எஸ்.எல்.ஆர்.டி.சி. என்ற எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் இதன் தளம் கிடைக்கும். இதே அகராதியை மொபைல் போனில் பார்க்க "சைன் லேர்ன்" என்ற அப்ளிகேஷன் 2022இல் வெளியிடப்பட்டது. ஆங்கிலம் அல்லது இந்தியில் தேடலாம். நம் ஊர் சைகைகள் சில இதிலிருந்து வேறுபடும். ஊருக்கு ஊர் பேச்சு மாறுவது போலத்தான்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டு போனில், கூகுள் 2019இல் வெளியிட்ட "லைவ் டிரான்ஸ்கிரைப்" அப்ளிகேஷனில் தமிழைத் தேர்ந்தெடுத்து மேசையில் வைத்தால், டாக்டர் பேசுவது எழுத்தாக ஓடும். கம்ப்யூட்டரில் என்றால், குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் கிளிக் செய்து, மொழியாகத் தமிழைக் கொடுத்துப் பேசலாம். இண்டர்நெட் இணைப்பு அவசியம். மாத்திரைப் பெயர்களைத் தவறாக எழுதும். அவற்றைச் சீட்டில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

நீங்களே ஒரு படப் பலகை தயாரிக்கலாம்

அந்தச் சிற்பி அண்ணனுக்காக நான் பவர்பாயிண்டில் ஒரு படப் பலகை தயாரித்தேன். எந்தப் படம் வேண்டும், எது புரியவில்லை என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டியதில்லை. செய்முறை இதோ:

1. பவர்பாயிண்டில் புதிய பைல் ஒன்றைத் திறந்து, முதல் ஸ்லைடில் ஆறு பெரிய கட்டங்கள் வரையுங்கள். எங்கே வலி, எத்தனை நாளாக, எவ்வளவு வலி, மாத்திரை, ஆம்-இல்லை, புரியவில்லை. ஒவ்வொன்றிலும் படமும் தமிழ்ச் சொல்லும் இருக்கட்டும். "புரியவில்லை" கட்டம் எல்லா ஸ்லைடிலும் வர வேண்டும். இது மிக முக்கியம். புரியாவிட்டாலும் தலையாட்டி விடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

2. இரண்டாவது ஸ்லைடில் மனித உடலின் முன்புறம், பின்புறம் படங்களை வையுங்கள். வலிக்கும் இடத்தை அவர் தொட்டுக் காட்டுவார்.

3. மூன்றாவதில் நாள்காட்டி. நான்காவதில் வலியின் அளவு. 0 முதல் 10 வரை எண்கள், சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை படங்கள்.

4. ஐந்தாவது ஸ்லைடு மாத்திரைக்கு. உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே சோற்றுத் தட்டு ஒன்று நிறைந்தும், ஒன்று காலியாகவும். டாக்டரோ மருந்துக் கடைக்காரரோ மாத்திரையை அந்தந்தப் படத்தின் மேல் வைத்துக் காட்டினால் போதும். எத்தனை நாட்கள் என்பதற்கு நாள்காட்டி ஸ்லைடைப் பயன்படுத்தலாம்.

5. முதல் ஸ்லைடின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லிங்க் கிளிக் செய்திடுங்கள். வரும் விண்டோவில் "பிளேஸ் இன் திஸ் டாகுமெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய ஸ்லைடைக் காட்டி ஓகே கொடுங்கள். திரும்பி வரவும் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு லிங்க் வையுங்கள்.

6. டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை, சைகை மொழி நன்கு அறிந்த ஒருவரைச் செய்யச் சொல்லி வெப்கேமில் பதிவு செய்திடுங்கள். விண்டோஸில் கேமரா என்ற புரோகிராம் இதற்குப் போதும். இடுப்பு முதல் தலைக்கு மேல் வரை பிரேமுக்குள் வர வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும்; ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். பின்னால் வெற்றுச் சுவர், உடலில் கட்டமோ பூவோ இல்லாத ஒரே நிறச் சட்டை. இந்த பைல்களை இன்சர்ட் மெனுவில் வீடியோ மூலம் அந்தந்த ஸ்லைடில் சேர்த்திடுங்கள்.

7. கடைசியாக ஸ்லைடு ஷோ டேபில் "செட் அப் ஸ்லைடு ஷோ" சென்று, "பிரவுஸ்டு அட் எ கியாஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி லிங்க் உள்ள கட்டங்களைத் தட்டினால் மட்டுமே ஸ்லைடு மாறும். வெளியேற எஸ்கேப் கீ அழுத்தவும்.

கரண்ட் போனாலும் கைகொடுக்க, வீடியோ இல்லாத ஸ்லைடுகளைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து வைத்துக் கொள்ளுங்கள். உண்மையில் அண்ணன் அதிகம் பயன்படுத்துவது அந்த லேமினேட் அட்டையைத்தான்! சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவுக்குச் சிறிதாக வேண்டும் என்று கேட்டு, இரண்டாவது முறை சிறிய அளவில் போட்டுக் கொண்டார். பட்டறையில் கையில் உளி பட்டபோது, அதை எடுத்துக் கொண்டு தனியாகவே போய் ஊசி போட்டு வந்தார். எத்தனை நாள் மாத்திரை என்று நாள்காட்டியில் நர்ஸ் தொட்டுக் காட்டியதை, திரும்பி வந்து என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

கவனிக்க வேண்டியவை

மருத்துவப் பேச்சு என்பது அந்தரங்கம். ஒருவரின் நோய் பற்றிய சைகை வீடியோவை அவர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ போட வேண்டாம். இலவசம் என்று வரும் மொழிபெயர்ப்பு அப்ளிகேஷன்கள் கேமரா பதிவை எங்கே அனுப்புகின்றன என்று பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள். சைகையில் குரலை மட்டும் மறைக்க வழியில்லை. பேசினாலே முகமும் பதிவாகும்.

படப் பலகை முதலுதவி போலத்தான். நெஞ்சு வலி, ஆபரேஷன், பிரசவம் போன்ற நேரங்களில் இதை மட்டும் நம்பாமல், சைகை மொழி தெரிந்த ஒருவரை நேரிலோ வீடியோ காலிலோ அழைத்திடுங்கள். டாக்டர் சொன்னதை நோயாளி தன் கையால் திரும்பச் செய்து காட்டும்படி கேளுங்கள். அவர் சரியாகக் காட்டினால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் காது கேளாதவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். மேலே சொன்ன படப் பலகைக்கு இரண்டு மணி நேரம் போதும். என்ன படம் வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அதை அவர் சொல்லட்டும்.